ஒன்று புள்ளி ஆறு

சம்ரேங்குக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் எண்ணியாக வேண்டும், எண்ணியதை எழுதி வைத்தாக வேண்டும். தன் கல்யாண விருந்தில் எத்தனை பேர் இரண்டாம் தரம் சோறு வாங்கினார்கள் என்று எண்ணிக்கொண்டு நின்ற மாப்பிள்ளையைத் தப்சகே ஊர் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அவர் மனைவி லம்துவன் அதைச் சொல்லிக்காட்ட மறப்பதில்லை.

இப்போது அவர் எண்ணிக்கொண்டிருந்தது கஞ்சாச் செடிகளின் சாப்பாட்டை. தென்னந்தோப்புக்குப் பின்னால், முள்வேலிக்குள், அனுமதிச் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிய வலைக்குடிலில் நாற்பத்தெட்டுச் செடிகள் இருந்தன. தினமும் காலையில் உரத்தண்ணீர் ஊற்றிவிட்டு, பைகளின் அடியிலிருந்து வடிவதைக் கிண்ணத்தில் பிடிப்பார். அதில் பேனா மாதிரி ஒரு கருவியை நனைப்பார். தண்ணீரில் எவ்வளவு சத்து மிச்சமிருக்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். ஒன்று புள்ளி ஆறு என்று வந்தால் சம்ரேங்குக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது. கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் கரும்பலகையில் அதைப் பெரிதாக எழுதிவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போவார்.

அன்றைக்கு பூஜ்யம் புள்ளி ஏழு காட்டியது.

பேனாவைத் துடைத்துவிட்டு மறுபடி நனைத்தார். அதே ஏழு. அடுத்த பை, அதற்கடுத்த பை, எல்லாம் அதே கதைதான். போன வாரமும் ஒருநாள் இப்படித்தான் காட்டியது. அதற்கு முந்தின வாரமும்.

"பட்டினி போட்ட மாதிரி காட்டுதே" என்று செடிகளிடமே முறையிட்டார். நடு இலைகளில் துருப்பிடித்த தகரம்போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் விழுந்திருந்தன. சில இலைகளின் நுனி கருகியிருந்தது. புள்ளி விழுந்த இலைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.

எண்ணாமல் என்ன செய்வார்? இது மூன்றாவது சாகுபடி. முதல் இரண்டும் மண்ணில் போட்டவை. செடி என்னவோ ஆள் உயரம் வளர்ந்து, பார்த்தவர் கண் படும்படிதான் நின்றது. ஆனால் பூவைச் சோதித்த காகிதத்தில், உடம்புக்கு ஆகாத உலோகம் ஏறியிருக்கிறது என்று வந்தது. அந்த நிலத்தில் முப்பது வருஷம் அன்னாசி போட்டு, கண்ட மருந்தையெல்லாம் அடித்தவர்கள் சம்ரேங்கும் அக்கம்பக்கத்தாரும்தான். கஞ்சாச் செடிக்கு மண்ணில் கிடக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் உறிஞ்சும் குணம். இரண்டு முறையும் அதிகாரிகள் முன்னிலையில் மொத்த அறுவடையையும் எரிக்க வேண்டியதாயிற்று. இந்த முறையும் ஆகவில்லை என்றால், மருந்துக்காகப் பூ கேட்டிருந்த ஆஸ்பத்திரி வேறு மாகாணத்தில் பூ வாங்கிக்கொள்ளும். ஏழு வீடுகள் சேர்ந்து வாங்கிய அனுமதி அதோடு முடியும்.

அதனால்தான் இந்தத் தடவை மண்ணே வேண்டாம், தேங்காய் நார்த்தூளில் வளர்ப்போம் என்று சம்ரேங் ஒற்றைக்காலில் நின்றார். தப்சகேயில் தேங்காய் நாருக்கா பஞ்சம்? ஆனால் நார்த்தூளில் சொந்தச் சத்து என்று எதுவும் பெரிதாகக் கிடையாது. மண்ணைப்போல எங்கேயாவது கொஞ்சம் ஒளித்து வைத்திருந்து, பசித்த நேரத்தில் எடுத்துக் கொடுக்காது. வேளாவேளைக்கு ஊட்டினால்தான் உண்டு. கடற்கரைத் தென்னை என்பதால் உப்பு வேறு. மூன்று தரம் அலசினார், சுண்ணாம்புச் சத்து கலந்த தண்ணீரில் ஊறப்போட்டார், பிறகும் ஒரு தரம் அலசினார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள்கூட அத்தனை தடவை தண்ணீர் மாற்ற மாட்டார்கள்.

இவ்வளவு வீம்பு எதற்கு என்று கேட்டால் சம்ரேங் நேராகப் பதில் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் லம்துவனுக்கு மார்பில் கட்டி வந்து அறுவை நடந்தது. அதற்குப் பின் ஏற்றிய மருந்தில் அவளுக்குச் சோறு என்ற வார்த்தையைக் கேட்டாலே குமட்டியது. அந்தக் கரும்பலகை அப்போது அடுப்படியில் தொங்கியது. அதில் சம்ரேங் தினமும் எழுதுவார்: காலை இரண்டு கரண்டி கஞ்சி. மாலை ஒரு கரண்டி, அதுவும் வெளியே வந்துவிட்டது. ஆறு கரண்டி உள்ளே போன நாள்தான் பெரிய நாள். எலும்பும் தோலுமாய்ப் போனவளைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் புட்டி கஞ்சா எண்ணெய் கொடுத்தார்கள். நாக்கடியில் சொட்டு விடச் சொன்னார்கள். நாலாம் நாள் மத்தியானம் படுக்கையிலிருந்தே அவள் கேட்டாள், "யோவ், யார் வீட்டுல கருவாடு பொரிக்கிறாங்க?" சம்ரேங் தட்டுத்தடுமாறி எழுந்து ஓடிப்போய் அந்த வீட்டுக் கருவாட்டையே வாங்கி வந்தார். அன்று அவள் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். கரும்பலகையில் 'அரைக் கிண்ணம்' என்று பலகை நிறைய எழுதினார்.

அந்த எண்ணெய்க்கு வேண்டிய பூ அக்கம்பக்கத்தில் கிடைப்பதில்லை, தொலைவிலிருந்து வருகிறது, பல சமயம் வருவதே இல்லை என்று பிறகு தெரிந்தது. எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தி கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், அவள் புருஷன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். அதை நினைத்தால் சம்ரேங்குக்குத் தூக்கம் பிடிக்காது.

ஆக, பூஜ்யம் புள்ளி ஏழைப் பார்த்த சம்ரேங், பெற்ற தாய் செய்வதைத்தான் செய்தார். போன இரண்டு தடவையும் செய்ததுபோலவே அன்றைக்கும் இரண்டு மடங்கு உரம் கலந்து ஊற்றினார். பிறகு ஆத்திரத்தோடு மானோப்பைத் தேடிப் போனார்.

மானோப் பக்கத்துத் தோப்புக்காரர். குழுவில் உரம் கலக்குவது அவர் பொறுப்பு. நாலு வாளி எந்த வரிசையில் தொட்டியில் விழவேண்டும் என்பதைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்.

"மானோப், உண்மையைச் சொல்லு. சுண்ணாம்புச் சத்து வாளியை விட்டுட்டியா?"

"என்னண்ணே விடிஞ்சதும் விடியாததுமா?"

"விடியறதுக்கு முன்னாடி ஒரு புட்டி, விடிஞ்சப்புறம் ஒரு புட்டின்னு போட்டா வாளி எப்படி ஞாபகம் இருக்கும்?"

மானோப்புக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் குடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அது உனக்கும் தெரியும். வாசல்ல கேமரா இருக்குல்ல, போய்ப் பாரு. யாரு வந்தா யாரு போனான்னு."

"பாத்துட்டேன். நம்ம ஆளுங்களைத் தவிர ஈ காக்கா உள்ள வரல. அதான் உன்னைக் கேக்கறேன்."

"நல்லாக் கேட்டேண்ணே. ரொம்ப நல்லாக் கேட்டே" என்று சொல்லிவிட்டு மானோப் திரும்பிக்கொண்டார். அதிலிருந்து வேலைக்கு வருவார், உரம் கலக்குவார், போவார். வாயைத் திறந்து ஒரு சொல் கிடையாது. இருபது வருஷமாகக் காது வலிக்கப் பேசியவர் சும்மா இருந்தது குடிலுக்கே துக்கம் விழுந்தது போல இருந்தது.

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ரச்சனி வந்தாள். மருந்து தயாரிக்கும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. டாக்டர் இல்லைதான், ஆனால் வெள்ளைக்கோட்டு போட்டவர்கள் எல்லோரும் இந்த ஊருக்கு டாக்டர்தான்.

ஒரு செடியை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலாக இலை இலையாகப் புரட்டினாள். நாலைந்து செடியை அப்படிப் பார்த்த பிறகு நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, இதுங்களுக்கு யாரு சாப்பாடு போடுறது?"

"நான்தான் டாக்டரம்மா. காலையில நான், மத்தியானத்துக்கு மேல எங்க வீட்டம்மா. ஒரு வேளை தவறினது கிடையாது."

"ஒருநாள் பட்டினி, மறுநாள் வயிறு முட்ட விருந்துன்னு போட்ட மாதிரி இருக்கு. பாருங்க, இந்தப் புள்ளி சத்து பத்தாததால வந்தது. இந்தக் கருகல் சத்து மிஞ்சினதால வந்தது. ஒரே செடியில ரெண்டும்! நார்த்தூளுக்குன்னு ஒரு குணம் இருக்கு. உள்ள வர்ற சுண்ணாம்புச் சத்தைத் தனக்குன்னு பிடிச்சு வெச்சுக்கும், செடிக்கு விடாது. நீங்க விடாம ஊட்டிக்கிட்டே இருந்தாத்தான் செடிக்கு மிஞ்சும். ஒரு வேளை வெறுந்தண்ணி ஊத்தினாக்கூடக் குளறுபடி."

"வெறுந்தண்ணியா? சத்தியமா இல்லை."

ரச்சனி இலையை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் இது எளிதாக இல்லை. லம்துவனுக்கு அந்தப் புட்டியை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

"மூணு வாரம் கழிச்சு வரேன் பெரியப்பா. அதுக்குள்ள வர்ற புது இலை சுத்தமா இருந்தா, பூக்க விடலாம்னு எழுதிக் குடுத்துடறேன். இதே மாதிரி இருந்தா எழுத என் கை வராது. நோவுக்காரங்க வாயில போற மருந்து இல்லையா?"

"நியாயம்தான்" என்றார் சம்ரேங். வேறென்ன சொல்வார்?

அவள் போனதும் மூன்று வாரம் என்றைக்கு முடிகிறது என்று எண்ணுவதற்காக அடுப்படிக்குப் போனார். அரிசிக்கடையில் கொடுத்த நாட்காட்டி அங்கே மாட்டியிருந்தது. விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டு போனவர் பாதியில் நின்றார். வாரத்துக்கு ஒன்றாகச் சில கட்டங்களில் குட்டி புத்தர் உட்கார்ந்திருந்தார். அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசை வரும் வான்ப்ரா நாட்கள். அன்று பக்தியுள்ளவர்கள் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போய் எட்டு சீலம் என்னும் நோன்பு எடுத்துக்கொள்வார்கள். மத்தியானத்துக்கு மேல் அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது.

கரும்பலகை நிறைந்ததும் எண்களை நோட்டில் ஏற்றிவைப்பது சம்ரேங்கின் வழக்கம். நோட்டைக் கொண்டுவந்து நாட்காட்டிக்குப் பக்கத்தில் விரித்தார். பூஜ்யம் புள்ளி ஏழு, குட்டி புத்தருக்கு மறுநாள். பூஜ்யம் புள்ளி எட்டு, குட்டி புத்தருக்கு மறுநாள். மறுபடி ஏழு, மறுபடி புத்தர்.

முதலில் அவருக்குச் சாமி குற்றமோ என்றுதான் தோன்றியது. வான்ப்ரா அன்று சாயங்காலம் வேண்டுமென்றே லம்துவன் மூக்குக்கு நேராக மீன் பொரித்துத் தின்று அவளைச் சீண்டுகிறவர் ஆயிற்றே. கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக நின்றார். பிறகுதான், மத்தியானத்துக்கு மேல் செடிகளுக்குச் சாப்பாடு போடுவது யார் என்பது மெல்ல மெல்ல அவர் மண்டையில் ஏறியது.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. அடுத்த குட்டி புத்தர் இரண்டு நாள் தள்ளி இருந்தார்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு மட்டைக் குவியலுக்குப் பின்னால், அறுபது வயது ஆள், திருட்டு இளநீர் குடிக்க வந்தவன் மாதிரிப் பதுங்கி நின்றார். கோயிலுக்கு உடுத்திய வெள்ளை உடையோடு லம்துவன் வந்தாள். உரத்தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுப் பின்புறம் இருக்கும் பெரிய மண்தாழியிலிருந்து மழைத்தண்ணீரை மொண்டு மொண்டு தள்ளுவண்டியில் ஏற்றி வந்திருந்தாள். ஒரு சொட்டுச் சத்தில்லாத சுத்தத் தண்ணீர். அதை ஒவ்வொரு பையிலும் வழிய வழிய ஊற்றினாள்.

"இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல ஒண்ணும் கிடையாது கண்ணுங்களா. பொறுத்துக்கோங்க. நானும்தான் பட்டினி. நாளைக்குக் காலையில அந்தக் கிழவன் வந்து வயிறு ரொம்பப் போடுவான்."

மட்டைக் குவியலுக்குப் பின்னாலிருந்து கிழவன் வெளியே வந்தார்.

"துவன்."

"ஐயையோ! மனுஷனாய்யா நீ? பேய் மாதிரி வந்து நிக்கறே!"

"உரத்தண்ணி எங்க?"

"இன்னிக்கு வான்ப்ரா."

"உனக்கு வான்ப்ரா. இதுங்களுக்கு என்ன?"

லம்துவன் குவளையைக் கீழே வைத்தாள். "சொன்னா கிண்டல் பண்ணுவே."

"பண்ணல. சொல்லு."

"எனக்கு உடம்பு தேறினா ஆயுசுக்கும் எட்டு சீலம் காப்பேன்னு நேர்ந்துக்கிட்டேன். தேறிச்சு. அது உனக்குத் தெரியும். ரெண்டாவது தடவை எரிச்சீங்களே, அன்னிலேருந்து மூணு நாள் நீ சோத்தைத் தொடல. அந்தச் சாம்பல் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு உசிரே போச்சு. இந்தச் செடிகளைப் பையில வெச்சதும் மறுபடியும் கோயிலுக்குப் போனேன். நான் ஒருத்தி பட்டினி கிடக்கறேன்னதுக்கே புத்தர் மனசு இரங்கினார்னா, நாப்பத்தெட்டு உசிரும் சேந்து கிடந்தா இரங்காமலா போயிடுவார்? அறுவடை வரைக்கும் வான்ப்ரான்னா இதுங்களும் மத்தியானத்துக்கு மேல சாப்பிடாதுன்னு நேர்ந்துக்கிட்டேன். நீ இன்னொரு தடவை அந்த நெருப்புகிட்ட உக்காரக் கூடாதுய்யா. அவ்வளவுதான்."

சம்ரேங்குக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது கோபம் இல்லை. இவளுக்காக அவர் செடி வளர்க்கிறார், அவருக்காக இவள் செடிகளைப் பட்டினி போடுகிறாள். இரண்டு பேருடைய பிரியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நாற்பத்தெட்டுச் செடிகள் புள்ளிபோட்டு நிற்கின்றன.

கடைசியில், ரச்சனி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னார். கேட்கக் கேட்க லம்துவன் முகம் சுருங்கிப் போயிற்று.

"அப்ப இந்தப் புள்ளியெல்லாம் நான் போட்டதா?"

"பாதி நீ. மறுநாள் பயந்துபோய் ரெண்டு மடங்கு ஊத்தினது நான். கருகல் பூரா என் கைங்கரியம்."

"இப்ப என்னய்யா பண்றது? நேர்ந்துக்கிட்டதை நடுவுல விட்டா என்ன ஆகும்? ஒருவேளை எனக்குத் திரும்பவும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

சம்ரேங்கும் அதை முடிக்கச் சொல்லவில்லை. சாமியாவது நேர்ச்சையாவது என்று வழக்கமாகச் சிரிக்கிற மனுஷன்தான். ஆனால் அந்தப் பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டு சிரிக்க அவருக்குத் தைரியம் கிடையாது. செடி முக்கியம்தான். அவள் பயம் அதைவிடப் பெரியது.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்கள். லம்துவன் சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டு, நீலம் இறங்கியதும் வெள்ளைத் துணியில் வடித்து, எலுமிச்சை பிழிந்து கொஞ்சம் சர்க்கரை சேர்த்தாள். விரத நாளில் மறுநாள் விடியும் வரை தாக்குப்பிடிக்க அவளுக்கு அந்த ஒரு தம்ளர்தான்.

சம்ரேங் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது மட்டும் குடிக்கலாமா?"

"இது பானம். பிக்குகளே குடிக்கறாங்க. சக்கை இருக்கக் கூடாது, துணியில வடிச்சிருக்கணும், அவ்வளவுதான்."

"உரத்தண்ணில சக்கை எங்க இருக்கு?"

லம்துவன் தம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். "உரத்தண்ணிதான் அதுங்களுக்குச் சோறுன்னு தினமும் கத்தறது யாரு?"

"வாய்தவறிச் சொல்லியிருப்பேன். சோறுன்னா மென்னு தின்னணும். அதுங்களுக்குப் பல்லு இருக்கா? உறிஞ்சத்தானே செய்யுது? உறிஞ்சினா அது பானம்தான்."

"ரொம்ப சாமர்த்தியம். உனக்கு வேணும்னா புத்தரையே வழக்காடி ஜெயிப்பே."

"நான் ஜெயிக்க வேண்டாம். நீயே கோயிலுக்குப் போய்க் கேட்டுட்டு வா. அவங்க கூடாதுன்னா நான் வாயே திறக்கல."

அவள் உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்த ஒரு மணி நேரம் சம்ரேங் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். எத்தனை நடை என்பதையும் எண்ணினார். முப்பத்தேழு.

திரும்பி வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பெரிய பிக்கு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சார்" என்றாள். "செடிக்கு எட்டு சீலம் குடுத்தது இந்த மாகாணத்துலயே நீ ஒருத்திதான்னார். வடிகட்டிக் குடுத்தா குத்தமே இல்லியாம். பட்டினி போட்டதுதான் பாவமாம்."

அப்போதே இருவரும் குடிலுக்குப் போனார்கள். லம்துவன் ஒரு புது வெள்ளைத் துணியை மடித்து வாளி வாயில் கட்டினாள். வடிகட்ட அதில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் நாற்பத்தெட்டுச் செடிக்கும் வேண்டிய உரத்தண்ணீர் அந்தத் துணி வழியாகத்தான் இறங்கியது. மறுநாள் காலை பேனா ஒன்று புள்ளி ஐந்து காட்டியது. சம்ரேங் இரண்டு மடங்கு ஊற்றவில்லை.

அன்றே வறுத்த கணவாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மானோப் வீட்டுக்குப் போனார்.

"மானோப், உன்னை அப்படிப் பேசினது தப்பு. அதுவும் அந்தக் குடிப் பேச்சு பேசியிருக்கவே கூடாது."

மானோப் பொட்டலத்தைப் பார்த்தாரே தவிர இவரைப் பார்க்கவில்லை. "அக்காதான் பண்ணுச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"அக்கா பண்ணல. ஒண்ணுக்கு ரெண்டா ஊத்திக் கெடுத்தது நான். ஊர்ல யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு."

மானோப் ஒரு கணவாய்த் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். "எட்டு நாள் பேசாம இருந்து வாய் நாறிப்போச்சுண்ணே" என்று ஆரம்பித்தவர், எட்டு நாள் பாக்கியையும் சேர்த்துப் பொழுது சாயும் வரை பேசினார். அன்றைக்கு சம்ரேங் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே சொல்லவில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் மூன்று நாள் தள்ளி ரச்சனி வந்த நாளும் வான்ப்ராவாக அமைந்தது. புது இலைகளை மேலும் கீழும் புரட்டினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பச்சை என்றால் கண்ணுக்குக் குளிர்ந்த பச்சை, ஒரு புள்ளி கிடையாது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வாளி வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்கு பெரியம்மா? இதுல வடிகட்ட ஒண்ணுமே இல்லையே?"

"அது இவங்க சம்பிரதாயம்மா" என்று செடிகளைக் காட்டினாள் லம்துவன். சம்ரேங் வேறுபக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

செடிகள் பூத்தன. அறுத்து, நிழலில் காயவைத்து, சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் சம்ரேங் பாதி மனுஷனாகத்தான் நடமாடினார். லம்துவன் அவர் தட்டைப் பார்ப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள், இன்னொரு கரண்டி வைப்பாள். பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் ரச்சனி போன் செய்தாள்.

"பெரியப்பா, உக்காந்துக்கிட்டீங்களா? எல்லாம் சுத்தம். உலோகம் ஒண்ணும் இல்ல. மொத்தத்தையும் எடுத்துக்கறோம். போன மாசத்துலேருந்து பதினாலு பேர் எண்ணெய்க்குக் காத்துக்கிட்டிருக்காங்க."

சம்ரேங் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். எண்ணிப் பழகிய மனுஷனுக்கு அந்தப் பதினாலைத் தாங்க முடியவில்லை. லம்துவன் ஓடி வந்தாள். அவர் அழுவதைப் பார்த்துப் பயந்து, போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். அன்றும் குட்டி புத்தர் நாள்தான். வீட்டில் ஒருவருக்குச் சோறு இறங்கவில்லை, இன்னொருவருக்குச் சீலம். இரண்டு பேரும் ஆளுக்கொரு தம்ளர் நீலத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் காலையில் கஞ்சியும் பொரித்த கருவாடும் முட்டையுமாக அடுப்படி மணத்தது. சாப்பிட்டு முடித்து குடிலைக் கழுவப் போனார்கள். குடில் காலியாக இருந்தது. கரும்பலகையும் காலியாக இருந்தது. எழுத எண் இல்லாமல் அதன் முன்னால் சம்ரேங் திக்கற்றவர்போல நின்றார்.

லம்துவன் அவர் கையிலிருந்த சாக்குக்கட்டியை வாங்கினாள். அவளுக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள்: லம்துவன், கஞ்சி, இரண்டு கிண்ணம்.

சம்ரேங் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு சாக்குக்கட்டியை அவளிடமிருந்து வாங்கி, 'இரண்டு' என்பதைப் புறங்கையால் அழித்தார்.

"ஏன்யா அழிக்கறே?"

"மூணு" என்று எழுதிக்கொண்டே சொன்னார். "நான் எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்."